பழையசோறும் வேலூர் ஆய்வும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் கழனிக்குச் செல்வோர் தூக்குவாளியில் பழையசோறு கொண்டுசென்ற காட்சி என் தலைமுறைக்கு அந்நியமன்று. அச்சோற்றைப் பற்றி இன்று உலவும் பெருமிதக் கட்டுரைகளில் ஒரு பெயரை நான் கண்டதேயில்லை: மருத்துவர் பி. எஸ். இராமகிருஷ்ணா.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் குழுவினரை உந்திய வினா எளியது. உப்பு சர்க்கரைக் கரைசல் உயிரைக் காக்கிறது. ஆயினும் பேதியைக் குறைப்பதில்லை. பெருங்குடலையும் துணைக்கு அழைத்தாலென்ன? சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தை அங்குள்ள நுண்ணுயிரிகள் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அவை உப்பையும் நீரையும் உறிஞ்சத் தூண்டும். காலரா நோயாளிகள் 48 பேரிடம் செய்த சோதனை 2000-இல் வெளியாயிற்று. பேதியின் அளவும் குறைந்தது, காலமும் குறைந்தது. அவ்வமிலங்களுள் ஒன்றான பியூட்டிரேட், குடல் அழற்சியை அடக்கும் டி-செல்களைப் பெருக்குவதை 2013-இல் வேறு குழுவினர் எலிகளில் கண்டனர்.

ஆறிய சோற்றிலும் இத்தகைய மாவுச்சத்து சற்றுக் கூடுகிறது என்பது மெய்யே. ஆனால் வேலூரில் பயன்பட்டது மக்காச்சோள மாவுச்சத்து. அதே சோதனையில் அரிசி மாவு அவ்வளவு பயன் தரவில்லை! இதை மறைத்து, 'முன்னோர் அன்றே அறிந்தனர்' என்றெழுதுவது ஆய்வாளருக்குச் செய்யும் மரியாதையாகாது. மாசுபட்ட நீரூற்றிய பழையது பேதியைத்தான் தரும்.

என் குறை வேறு. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் கரைசலைத் திருத்தியபோது உப்பும் சர்க்கரையும் குறைந்தன, மாவுச்சத்து சேரவில்லை. திண்டிவனத்து மருந்துக்கடையில் கிடைக்கும் வழக்கமான பொட்டலம் இன்னும் அக்கலவைதான்.