கண்ணு ஓடினா, பார்த்ததா அர்த்தமா?

ரயில்ல ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கறவங்க கண்ணை என்னிக்காவது கவனிச்சிருக்கீங்களா? வெளிய ஓடுற மரத்தோடயே மெதுவா நகரும், வெடுக்குன்னு திரும்பும், மறுபடி நகரும். அவங்களைக் கேட்டா, "என் கண்ணா? அப்படியா?"ம்பாங்க. ஆப்டோகைனடிக் நிஸ்டாக்மஸ்னு இதுக்குப் பேரு. நாம உத்தரவு போடாமலே நடக்கற அனிச்சை வேலை.

இது எவ்வளவு வேகம்னா, கண் முன்னாடி இருக்கற காட்சி மொத்தமா திடீர்னு நகர்ந்தா, குரங்கோட கண்ணு சுமார் 50 மில்லிசெகண்டுல பின்னாலயே கிளம்பிடும். மைல்ஸ், கவானோ, ஆப்டிகன் மூணு பேரும் 1986-ல அளந்து சொன்னது. மனுஷக் கண்ணு கொஞ்சம் சோம்பேறி, 80 கிட்ட வரும்.

சரி, மேட்டருக்கு வர்றேன். வாய் பேசாத குரங்குக்கும் கைக்குழந்தைக்கும் என்ன தெரியுதுன்னு கண்டுபிடிக்க இந்த அசைவைத்தான் நம்பறாங்க. "பார்வையே தெரியலை"ங்கிறவர் நடிக்கறாரோன்னு டாக்டருக்குச் சந்தேகம் வந்தா, அவர் முன்னாடி கோடு போட்ட உருளையைச் சுத்திக் காட்டறதும் இதுக்குத்தான்.

நம்பிக்கை ஆதாரமில்லாம வந்ததில்லை. ஒரு கண்ணுக்கு இடப்பக்கம் ஓடுற கோடு, இன்னொரு கண்ணுக்கு வலப்பக்கம் ஓடுற கோடுன்னு காட்டினா, மூளை ரெண்டையும் கலக்காது. கொஞ்ச நேரம் இது, கொஞ்ச நேரம் அதுன்னு மாத்தி மாத்திக் காட்டும். எது தெரியுதுன்னு அவங்க சொல்றாங்களோ, அந்தப் பக்கம்தான் கண்ணும் ஓடுதுன்னு 1975-ல மனுஷங்ககிட்ட காட்டினாங்க. 1990-ல லோகோதெடிஸும் ஷாலும் மக்காக் குரங்குகள்ல இதையே பார்த்தாங்க.

அப்போ கண்ணு பொய் சொல்லாது, கேஸ் முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. முடியலை. 2011-ல ஸ்பெரிங், பொம்ப்ளன், கராஸ்கோ செஞ்ச சோதனையில ஒரு கண்ணுக்கு மேல்-கீழ் ஓட்டம், இன்னொண்ணுக்குப் பக்கவாட்டு ஓட்டம். அதுல ஒண்ணை முன்கூட்டியே ரொம்ப நேரம் பார்க்க வச்சு மங்கடிச்சுட்டாங்க. "எனக்கு ஒரே திசைதான் தெரியுது"ன்னாங்க மக்கள். கண்ணு மட்டும் ரெண்டுக்கும் நடுவுல குறுக்கால போச்சு! மனசுக்குத் தெரியாத ஓட்டத்தையும் அது கணக்குல சேர்த்திருக்கு.

அதாவது அசைவுத் தகவல் ஒண்ணுதான். பார்க்கறதுக்கு ஒரு கணக்கு, கண்ணைத் திருப்பறதுக்கு இன்னொரு கணக்கு. பெரும்பாலும் ரெண்டும் ஒத்துப்போகுது, அதனாலதான் ஒண்ணுன்னே நினைச்சுக்கறோம்.

என் கட்சி இதுதான்: கண்ணு ஓடுச்சுன்னா, "ஏதோ ஓடுது"ங்கிற தகவல் மூளைக்குள்ள போயிருக்கு. அதுவரைக்கும் சத்தியம் பண்ணலாம். "பார்த்தான்"னு சொல்ல அது பத்தாது. அதை மட்டும் வச்சு ஒருத்தரைப் பொய்யர்னு முத்திரை குத்தறது அநியாயம். கண்ணு சாட்சி சொல்லட்டும், தீர்ப்பை அதுகிட்ட விட வேண்டாம்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?