எந்தக் குண்டு யாருக்கு?

"நாள் முழுக்கப் பழக்குலை தூக்குறவன் நான். எனக்குப் போய் 16 கிலோவா?" டவுனில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வரும் நம் தோட்டத்து இளைஞர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்ட கையோடு நேராக 24 கிலோ, 32 கிலோ குண்டில் கை வைக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்தான் தெரியும். ஆனால் தோழர்களே, அது தப்புக் கணக்கு. அந்தக் கணக்குக்கு விலை கொடுப்பது முதுகு. நம்மைப் போன்றவர்களுக்கு முதுகு போனால் சம்பளமும் போச்சு.

கெட்டில்பெல் என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. ரஷ்யாவில் இதற்கு கிர்யா என்று பெயர். அங்கே பழைய எடைக் கணக்கில் ஒரு பூட் என்பது 16 கிலோவுக்குச் சற்று அதிகம். இன்று கடைகளில் 16, 24, 32 என்று வரிசையாக இருப்பது அந்த ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட் கணக்குதான். அதை இரண்டு கையாலும் பிடித்து, தொடைக்கு நடுவே பின்னால் விட்டு, இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்தி நெஞ்சு உயரத்துக்கு வீசுவதுதான் 'ஸ்விங்'. வீசுவது இடுப்பு. கை வெறும் கயிறு.

குலை தூக்குவதும் இதுவும் ஒன்றில்லையா என்றால், இல்லை. செம்பனைக் குலை 15 கிலோவோ 25 கிலோவோ, தூக்கும்போது அது அப்படியே கனக்கும், அவ்வளவுதான். வீசும் குண்டு அப்படியல்ல. தண்ணீர் வாளியைக் கையில் பிடித்துச் சுழற்றிப் பார்த்தவருக்குத் தெரியும், அது கையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். குண்டு கீழே இறங்கித் தொடைக்கு நடுவே போகிற நேரத்தில் அதன் இழுப்பு சொந்த எடையைப்போல் இரண்டு மடங்கையும் தாண்டும். அதைத் தடுத்து நிறுத்தித் திருப்பி அனுப்புவதுதான் பயிற்சியே.

இன்னொன்று. கனடா நாட்டு முதுகெலும்பு ஆராய்ச்சியாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 2012-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். அதில் பயன்படுத்தியது 16 கிலோ குண்டு. சாதாரணமாகச் சுமை தூக்கும்போது அடிமுதுகு எலும்புகள் ஒரு திசையில் வழுக்கப் பார்க்கும். குண்டை வீசும்போது அதற்கு நேர் எதிர்த் திசையில் இழுபடுகின்றன என்று கண்டார்கள். இந்தப் பயிற்சியால் முதுகு தேறியது என்று பலர் சொல்வதற்கும், சிலருக்கு மட்டும் இது ஒத்துக்கொள்ளாமல் போவதற்கும் இது காரணமாக இருக்கலாம் என்கிறது அந்த ஆய்வு. ஆக, இருபது வருஷம் குலை தூக்கிய முதுகுக்கும் இது புதுப் பாடம். புதுப் பாடத்தை ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் படிக்கணும்.

நம் பெண்கள் விஷயத்தில் நடப்பது இதற்கு நேர்மாறான கூத்து. 16 லிட்டர் மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கிற அக்காவுக்கு, கூடத்தில் மூன்று கிலோ, நாலு கிலோ கலர் குண்டை எடுத்துக் கொடுப்பார்கள். பொம்பளைக்கு இது போதுமாம்! அவ்வளவு லேசான குண்டுக்கு இடுப்பு வேலையே செய்யாது. கையாலேயே தூக்கிவிடலாம், தூக்கியும் விடுவார்கள். அப்புறம் வலிப்பது தோள்பட்டை. கனம் குறைந்தாலும் பயிற்சி கெடும் என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி, எதைத்தான் எடுப்பது? புதிதாகத் தொடங்கும் ஆண்களுக்கு 16 கிலோ, பெண்களுக்கு 8 கிலோ என்பது பயிற்சியாளர்கள் பலர் சொல்லும் கணக்கு. மருந்துப் பம்பு தூக்கிப் பழகியவர்கள் 12 கிலோவை எடுத்துப் பார்க்கலாம். ஒல்லியான பையன் 12-ல் தொடங்கினால் மானம் ஒன்றும் போய்விடாது. ஆனால் எண்ணைவிட முக்கியம் சோதித்துப் பார்ப்பது. முதலில் குண்டைத் தரையிலிருந்து, முதுகு வளையாமல், இடுப்பை மடக்கிப் பத்துத் தடவை எடுத்து வையுங்கள். அது சரியாக வந்தால் பத்து வீச்சு. பத்தாவது வீச்சு முதல் வீச்சு மாதிரியே இருக்கணும். நடுவில் முதுகு வளைந்தாலோ, பின்னால் போகும் குண்டு உங்களை முன்னால் இழுத்துத் தடுமாற வைத்தாலோ கனம் அதிகம். தோளும் கையும்தான் தூக்குகிறது, இடுப்புக்கு ஒரு வேலையும் இல்லை என்றால் கனம் குறைவு. நாமே நம்மைப் பார்க்க முடியாது. கூட்டாளியைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் முதுகு பொய் சொல்லாது.

சில வாரங்கள் இப்படிச் சுத்தமாக வந்த பிறகு நாலு கிலோ ஏற்றலாம். 16-லிருந்து ஒரே தாவலில் 24-க்குப் போவது பாதிக்குப் பாதி கூட்டுவது. பம்பில் அப்படி ஊற்றினால் கேள்வி கேட்போமா இல்லையா?

வேலை நாளைப் பற்றியும் சொல்லியாகணும். கூடத்தில் கனத்தைத் தேர்ந்தெடுப்பது நாம். வேலைக்காட்டில் அதை முடிவு செய்வது மரம். காலையிலிருந்து கத்திக் கம்பு பிடித்து அறுத்துவிட்டு, சாயங்காலம் களைத்த இடுப்போடு குண்டு வீசப் போகாதீர்கள். ஓய்வு நாளில் செய்யுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் தாராளம். ஏற்கெனவே முதுகு வலிக்கிறதா, வலி காலுக்கு இறங்குகிறதா? குண்டைத் தொடவே வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்கணும், மூச்சை அடக்கியும் வீசக்கூடாது. வேலையில் பிடித்த வலி என்றால் அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லி எழுத்தில் பதியச் சொல்லுங்கள். பிறகு சொக்சோவில் கேட்கும்போது அந்த எழுத்துதான் பேசும்.

கடைசியாக, பெயிண்ட் டின்னில் சிமெண்டை நிரப்பிக் கம்பியை வளைத்துச் செருகும் கைவேலை. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் எப்போதும் உண்டு. ஐந்து லிட்டர் டின் நிறைய சிமெண்டும் கல்லும் போட்டால் ஏறக்குறைய 12 கிலோ வரும். தரையிலிருந்து தூக்கி வைக்க அது போதும். வீச மட்டும் வேண்டாம். கம்பி கழன்றால் டின் எதிரில் நிற்கிறவர் மேல்தான் போய் விழும். லயத்து வாசலில் எந்த நேரமும் சின்னப் பிள்ளைகள் நிற்கும்.