மண்ணைப் பகிர்ந்த மக்கள்

தோழரே!

போரைப் பாடாத புலவர் இல்லை. வாளேந்தியவனைப் பாடினர், வேலெறிந்தவனைப் பாடினர், மார்பிலே புண்பட்டு மாண்டவனுக்கு நடுகல் நாட்டினர். ஆனால் போர் ஓய்ந்த மறுநாள், வீடிழந்து வந்தோரை எண்ணி, 'இவர்களுக்கு எங்கே இடம்? எவருடைய நிலத்தில் இடம்?' என்று கணக்கெடுத்தவனைப் பாடினோர் எத்தனை பேர்? களத்திலே காட்டும் வீரம் பெரிது. களம் அடங்கிய பிறகு காட்டவேண்டிய வீரம் அதனினும் பெரிது. அந்த இரண்டாவது வீரத்தைக் காட்டிய ஒரு சின்னஞ்சிறு நாட்டின் கதையை இன்று எண்ணிப் பார்ப்போம்.

பின்லாந்து! ஐரோப்பாவின் வடகோடியில், பனியும் காடும் ஏரிகளும் சூழ்ந்த நாடு. 1939-ஆம் ஆண்டிலே அதன் மக்கள் ஏறத்தாழ 37 இலட்சம். அண்டையிலிருந்த சோவியத் நாட்டின் மக்களோ 17 கோடி! அவ்வாண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் ஸ்டாலின் அரசும் இட்லர் அரசும் உடன்பாடு கண்டன. அதன் இரகசிய இணைப்பிலே, பின்லாந்து சோவியத்தின் செல்வாக்கு எல்லைக்குள் அடங்கும் என்று, பின்லாந்தைக் கேளாமலே எழுதிக்கொண்டனர். நவம்பர் 30-ஆம் நாள் தலைநகர் ஹெல்சிங்கியின்மீது குண்டுகள் வீழ்ந்தன.

மறுநாள், எல்லையோரச் சிற்றூரான தெரியோக்கியில், ஓட்டோ கூசினென் தலைமையில் ஒரு 'மக்கள் அரசு' அமைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்கொரு கணக்கு இருந்தது. 1917 டிசம்பர் 6-இல் விடுதலையை அறிவித்த அந்நாடு, அடுத்த ஆண்டே அண்ணன் தம்பியர் போரிலே குருதி சிந்திற்று. ஒருபுறம் உழைப்பாளரின் செங்காவலர். மறுபுறம் உடைமையாளர் சார்ந்த வெண்படை. வெண்படை வென்றது. தோற்ற தொழிலாளர் ஆயிரமாயிரமாய்ச் சிறைமுகாம்களிலே பசியாலும் நோயாலும் மடிந்தனர். கூசினென் அன்று தோற்ற அணியின் தலைவர்களுள் ஒருவர். ஆறாத புண் அல்லவா! செம்படை வந்ததும் தொழிலாளி கதவைத் திறந்துவிடுவான் என்று மாஸ்கோ எண்ணிற்று.

திறந்தானா? இல்லை! துப்பாக்கியைத் தோளிலேற்றி எல்லைக்கு நடந்தான். ஏன்?

தாயகப் பற்று என்பர். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் மறத்தலாகாது. உள்நாட்டுப் போர் முடிந்த 1918-ஆம் ஆண்டிலேயே, குத்தகைக் குடியானவர் தாம் உழுத நிலத்தை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ள வழிவகுக்கும் சட்டம் வந்தது. 1922-இல், நிலமற்றோர்க்கும் நிலம் கிடைத்திடச் சட்டம் கொண்டுவந்தார் கியோஸ்தி கல்லியோ எனும் உழவர் கட்சித் தலைவர். 1937-இல் அவரே குடியரசுத் தலைவரானார். உழவர் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் கூடி ஆட்சி அமைத்தன. போர் நடந்துகொண்டிருந்த 1940 ஜனவரியில், அதுவரை தொழிற்சங்கங்களுடன் பேச மறுத்துவந்த முதலாளிகள் சம்மேளனம், அவற்றைப் பேச்சுவார்த்தைக்குரிய அமைப்பாக ஒப்புக்கொண்டது. காக்கத்தக்க வாழ்வில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று கண்டவன் கதவைத் திறந்துவிடுவானா?

105 நாள் அப்போர் நடந்தது. 1940 மார்ச் 13-இல் ஓய்ந்தது. பின்லாந்து தரப்பில் மாண்டோர் ஏறத்தாழ 25,000. நாட்டின் பத்திலொரு பங்கு மண் பறிபோயிற்று. வீப்பூரி எனும் பெருநகர் பறிபோயிற்று. கரேலியப் பகுதி மக்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு, மூட்டையைச் சுமந்துகொண்டு, 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேறினர்.

இதுவரை படித்து நெஞ்சு நிமிர்ந்திருப்பீர். அடுத்த ஏட்டைப் படித்திடத் தலை தாழும். எனினும் படித்தாக வேண்டும்.

1941 ஜூனில் இட்லர் சோவியத்தின்மீது பாய்ந்தபோது, பின்லாந்தும் ஜெர்மனியுடன் அணிவகுத்தது. இழந்த மண்ணை மீட்கவே என்றனர். மீட்டனர். அங்கே நின்றார்களா? இல்லை. பழைய எல்லையைத் தாண்டினர். பின்லாந்தின் ஆட்சியில் என்றுமே இருந்திராத கிழக்குக் கரேலியாவைப் பிடித்தனர். அங்கு வாழ்ந்த ரஷ்யரை முள்வேலி முகாம்களில் அடைத்தனர். ஆயிரக்கணக்கானோர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். கைப்பட்ட போர்க்கைதிகளில் ஏறத்தாழ 19,000 பேர் உயிரிழந்தனர். 1942 நவம்பரில், அடைக்கலம் தேடிவந்திருந்த யூதர் எண்மரை ஜெர்மானியரிடம் ஒப்படைத்தனர். எண்மர்தானே என்பீரோ? அடைக்கலம் என்று வந்தவன் ஒருவனைக் காட்டிக்கொடுத்தாலும் அது அறங்கொன்ற செயலே! ஏறக்குறைய அறுபதாண்டு கடந்து, 2000-ஆம் ஆண்டிலே, அந்நாட்டுப் பிரதமர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். 1939-இல் உலகமே பரிந்து பேசிய நாட்டின்மீது, 1941 டிசம்பர் 6-ஆம் நாள், அதன் விடுதலைத் திருநாளன்றே, பிரிட்டன் போர்ப் பிரகடனம் செய்தது. தன் மண்ணைக் காத்தவரை அது புகழ் பெற்றது. பிறர் மண்ணை விழைந்த நாளிலே அதனை இழந்தது.

1944 செப்டம்பர் 19-இல் மாஸ்கோவில் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. நிபந்தனைகளோ கடுமை! மீட்ட மண் மீண்டும் போயிற்று. நேற்றுவரை துணையாயிருந்த ஜெர்மன் படையை விரட்ட வேண்டும். விரட்டப்பட்டவர்கள் ரோவனியேமி நகரை எரித்துச் சென்றனர். போர்க்கால அதிபர் ரீத்தி உள்ளிட்ட தலைவர்கள் எண்மரைத் தன் நாட்டு மன்றத்திலேயே நிறுத்தித் தண்டிக்க வேண்டியதாயிற்று. அவற்றுக்குமேல், 30 கோடி டாலர் ஈட்டுத் தொகை. பணமாக அல்ல, கப்பலாக, எந்திரமாக, மரமாக, காகிதமாக!

தோழரே, இரண்டாவது வீரம் இங்கேதான் தொடங்குகிறது. திரும்பிச் சென்று கூரை வேய்ந்திருந்த கரேலிய மக்கள் மறுமுறையும் அகதிகளாயினர். அவர்களை முகாம்களிலே அடைத்து, கஞ்சி ஊற்றி, 'இழந்த மண்ணை மீட்போம்' என்ற முழக்கத்தையே உணவாக ஊட்டியிருக்கலாம். அப்படிச் செய்த ஆட்சிகள் உலகிலே உண்டு. பின்லாந்து அதைச் செய்யவில்லை. 1945-இல் நிலச் சட்டம் இயற்றிற்று. அரசு நிலம், கம்பெனி நிலம், திருச்சபை நிலம், தனியார் பெருநிலம் ஆகியவற்றிலிருந்து பங்கு எடுத்தது; நிலம் பெரிதாகப் பெரிதாக எடுத்த விழுக்காடும் பெரிதாயிற்று. வீடிழந்த உழவர்க்கும், களத்திலிருந்து மீண்ட வீரர்க்கும், கணவனை இழந்த கைம்பெண்களுக்கும் நிலம் வழங்கிற்று. இழப்பீட்டுச் செலவுக்கு உடைமையாளர்மீது தனிவரி விதித்தது. எல்லாம் இனிதே நடந்தது என்று கருதிவிட வேண்டாம். நிலம் கொடுத்தவன் முணுமுணுத்தான். வந்தேறி என்ற ஏச்சும் எழுந்தது. கிழக்குத் திருச்சபையைச் சார்ந்த கரேலியர் 'ரஷ்யர்' என்று இகழப்பட்டனர். ஆயினும் சட்டம் நின்றது, வீடுகள் எழுந்தன.

கடனையும் தீர்த்தனர். ஆறாண்டுத் தவணை எட்டாண்டாயிற்று. 1948-இல் எஞ்சியதில் பாதி தள்ளுபடியாயிற்று. 1947-இல் அமெரிக்காவின் மார்ஷல் உதவி வாயிலுக்கு வந்தபோது, அண்டை வல்லரசின் சினம் கருதி மறுத்துவிட்டனர். 1952 கோடையில் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் பந்தம் எரிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் கடைசிச் சரக்கும் எல்லை கடந்தது.

வல்லரசுகளுக்கிடையே வாழும் சிறுநாட்டுக்கு அச்சம் ஒழிவதில்லை. 2023-இல் பின்லாந்து நேட்டோ அணியில் சேர்ந்ததும் அதற்குச் சான்று. அந்த முடிவு சரியா தவறா என்று உலகம் வாதிடட்டும். நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. அந்நாட்டின் கதையிலே மண் மூன்று முறை வருகிறது. உழுதவனுக்கு மண் தந்தார்கள். அவன் நாட்டைக் காத்தான். பிறர் மண்ணுக்கு ஆசைப்பட்டார்கள். பழியும் அழிவும் சூழ்ந்தன. தோல்விக்குப் பின் எஞ்சிய மண்ணைப் பகிர்ந்தார்கள், நாடு எழுந்தது.

மேடையிலே 'தாயகம்' என்று முழங்கும்போது, தோழரே, எதிரே அமர்ந்திருப்போரை ஒருமுறை பாரீர். அந்தத் தாயகத்தில் அவனுக்கு எத்தனை அடி மண் உண்டு என்று கேளீர். விடை சொல்ல முடிந்தால் முழங்கிடுக. முடியவில்லையெனில், முழக்கத்தை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கிடுக!