முகப்பும் புறத்தார் மொழியும்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நம் இலக்கண நூலார் கொள்கை. எத்துணைப் பரந்த நூலாயினும் பாயிரம் இல்லாவழி அது நூலெனக் கொள்ளப்படாது என்பது நன்னூலார் கருத்து. பாயிரத்திற்கு அவர் கூறிய பெயர்களுள் முகவுரை என்பதும் ஒன்று. நூலினுட் புகுவான் முதற்கண் காண்பது அதன் முகமே யாதலின், அப்பெயர் சாலப் பொருந்துவதாகும். இக்காலத்து மென்பொருள் கம்பெனி ஒவ்வொன்றும் தன் பொருளை உலகிற்கு அறிவித்தற்கு இணையதளம் ஒன்றை அமைத்துக்கொள்கின்றது. விளம்பரத்தின் வழியாகவோ தேடுபொறியின் வழியாகவோ வரும் அயலான் ஒருவன் அங்கு முதலில் அடையும் பக்கத்தை முகப்புப் பக்கம் என்கின்றோம். நூலுக்கு முகவுரை எவ்வாறோ, மென்பொருளுக்கு இப்பக்கம் அவ்வாறு. இதனைச் செப்பஞ் செய்தற்குரிய நல்வழி புறத்தாருடைய ஒளிவு மறைவற்ற மொழியே என்பது எம் துணிபு. அதனை ஈண்டுச் சிறிது விளக்குவோம்.

இஃது அத்துணைப் பெரிய விஷயமோ எனச் சிலர் வினவலாம். நம் கல்லூரிகளிற் கற்றுத் தேறிய இளைஞருள் பலர் இன்று சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் முதலிய நகரங்களில் மென்பொருள் தொழில் புரிகின்றனர். அவருட் சிலர் இருவர் மூவராய்க் கூடித் தாமே சிறு கம்பெனி தொடங்குகின்றனர். பெருங் கம்பெனிக்கு விற்பனையாளர் பலர் உளர்; பொருளின் இயல்பை அவர் வீடுதோறும் அலுவலகந்தோறும் சென்று நேரிற் கூறுவர். சிறு கம்பெனிக்கோ அம்முகப்பு ஒன்றே கடைவாயில், அதுவே விற்பனையாளன். வருவோர் பொருள் இன்னதென உணராது மீள்வாராயின், ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் உழைத்துச் செய்த மென்பொருள், தன்பால் யாதொரு குற்றமும் இன்றியே கேட்பாரற்றுக் கிடக்கும். அதனை நம்பித் தம் சேமிப்பை இட்டவரும், அங்கு மாதச் சம்பளம் பெறுவோரும் உடன் இடர்ப்படுவர். வருவோர் நெடிது பொறுப்பவரும் அல்லர். கனடா நாட்டுக் கார்ல்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பக்கத்தின் தோற்றம் நன்று அல்லது தீது என்னும் எண்ணம், அதனை 50 மில்லி செகண்டு, அஃதாவது ஒரு செகண்டில் இருபதில் ஒரு பங்கு நேரம் கண்ட அளவிலேயே மக்கள் மனத்தில் உண்டாகிவிடுகின்றது. இது தோற்றம் ஒன்றையே பற்றிய முடிபாயினும், முகப்புக்குக் கிடைக்கும் அவகாசம் எத்துணைச் சிறிது என்பதை ஒருவாறு உணர்த்தும்.

இனி, இம்முகப்புகளிற் பல எவ்வாறு உள்ளன என நோக்குவோம். "தொழில் வளர்ச்சிக்கு ஏற்ற முழுமையான, ஒருங்கிணைந்த, புதுமைத் தீர்வு" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதன் கீழே இருவர் கைகுலுக்கும் படம் ஒன்று. அதன் கீழே "இன்றே தொடங்குக" என்னும் பொத்தான். எதனைத் தொடங்குவது? மளிகைக் கடைக் கணக்கையா, மருத்துவமனைச் சீட்டையா, பள்ளிக்கூடக் கட்டண வசூலையா? அறிதற்கு வழியில்லை. அவ்வரியைப் பெயர்த்தெடுத்து வேறு பத்துக் கம்பெனிகளின் முகப்பில் ஒட்டினும் ஒட்டும். நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு உரியனவாகக் கூறியவற்றுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் மூன்றும் உள. எதனைப் பற்றியது, யாருக்கு உரியது, அதனால் விளைவது யாது என்னும் இம்மூன்றும் முதல் இரண்டு வரிகளிற் புலப்படுமாயின் வந்தவன் நின்று படிப்பான். "மளிகைக் கடையின் பற்றுவரவைக் கைப்பேசியிலேயே எழுதிக்கொள்ளலாம், யார் எவ்வளவு பாக்கி என்பது மாதக் கடைசியிற் கூட்டாமலே தெரியும்" என்று எழுதுவாராயின், கடைக்காரர் அது தமக்கு உரியதென உடனே அறிந்துகொள்வர். இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆயினும் இதுவே முகவுரை.

இத்துணை எளியதனை அறிவுடையோர் எழுதத் தவறுவது எதனால்? அறிவின்மையால் அன்று, தம் பொருளைப் பற்றிய அறிவு அவர்பால் மிகுந்திருத்தலினாலேயே தவறுகின்றனர். பொருளாதார அறிஞர் மூவர் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இந்நிலையை "அறிவின் சாபம்" என்னும் பெயரால் வழங்கினர். 1990-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் எலிசபெத் நியூட்டன் என்னும் அம்மையார் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காக ஒரு சோதனை நிகழ்த்தினார். ஒருவர் யாவரும் அறிந்த பாட்டு ஒன்றை மனத்திற்குள் நினைந்து, அதன் தாளத்தை மட்டும் விரலால் தட்டவேண்டும். கேட்பவர் அப்பாட்டு இன்னதெனக் கூறவேண்டும். பாதிக்குப் பாதி கண்டுகொள்வர் எனத் தட்டினோர் எதிர்பார்த்தனர். தட்டப்பட்ட பாட்டுகள் 120, கண்டறியப்பட்டவை 3. தட்டுவோர் உள்ளத்தில் பாட்டு முழுவதும் ஒலிக்கின்றது. கேட்போர் செவியில் விழுவதோ மரத்தின் ஓசை ஒன்றே. முகப்பு எழுதுவோர் நிலையும் இதுவே. "ஒருங்கிணைந்த தீர்வு" என்று அவர் எழுதும்போது தாம் செய்த பொருள் முழுவதும் அவர் மனக்கண்முன் நிற்கின்றது. படிப்பவனுக்குக் கிட்டுவது அவ்விரண்டு சொற்களே. மேலும் பன்முறை படித்துத் திருத்துவதனால் இக்குறை நீங்காது. படிக்குந்தோறும் அவர் செவியில் அப்பாட்டே ஒலிக்கும்.

உடனிருப்போரைக் கேட்கலாகாதோ எனின், அவரும் அப்பாட்டை அறிந்தவரே. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது பழமொழி. குஞ்சு தலைவருடையதாயின் அலுவலகத்தார் அனைவருக்கும் அது பொன்னாகவே தோன்றும். நேற்றுப் பணியிற் சேர்ந்த இளைஞன் தலைவரை நோக்கி, "ஐயா, இப்பக்கம் எனக்கு விளங்கவில்லை" என்று கூறத் துணிவானோ? உறவினரும் நண்பரும் தாட்சண்யத்தினால் "மிக நன்று" என்பர். அவர் அன்பு மெய்யானது. ஆயினும் அம்மொழியைக் கொண்டு ஒரு வரியையும் திருத்த இயலாது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்று கூறி, நூலின் சிறப்பைப் பாயிரமாக உரைக்கும் கடமையை ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்னும் பிறரிடத்தே வைத்தார் நன்னூலார். அன்றியும் புகழ்ந்துரைப்போர் அணியராயிருத்தல் ஒக்கும். குற்றங் காண்போர் அவ்வாறிருத்தல் போதாது என்பதனை அரங்கேற்றம் என்னும் வழக்கத்தால் அறிகின்றோம். தொல்காப்பியம் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னர்க் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டது என்று அதன் பாயிரம் கூறுகின்றது. வினாவுக்கு விடை கூறி நின்ற பின்னரே நூல் உலகிற்கு உரியதாயிற்று. முகப்புப் பக்கத்திற்கும் அத்தகைய அரங்கேற்றம் ஒன்று வேண்டும் என்பதே யாம் கூறுவது.

அதனை எவ்வாறு நடத்துவது? முதலாவது, அப்பொருள் எவருக்கு உரியதோ அவரைப் போன்ற அயலாரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மளிகைக் கணக்கு மென்பொருளாயின் மளிகைக் கடைக்காரரைக் காட்டிலும் தக்க அவை வேறில்லை. பலரைத் தேடி அலைய வேண்டுவதும் இல்லை. ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் தாமஸ் லாண்டவர் என்பாருடன் 1993-இல் வெளியிட்ட ஆய்வினை அடிப்படையாகக் கொண்டு, ஐவரைக் கொண்டு சோதித்தாலே ஒரு தளத்தைப் பயன்படுத்துவதில் உள்ள இடர்களுள் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளிப்படும் என்று 2000-ஆம் ஆண்டில் எழுதினார். பதினைவரை ஒருங்கே அழைப்பதனினும், ஐவரை அழைத்துக் கேட்டுத் திருத்தி, மீண்டும் வேறு ஐவரை அழைப்பது நன்று என்பது அவர் அறிவுரை. எல்லாத் தளத்திற்கும் இவ்வெண் அப்படியே பொருந்தும் என்று கொள்ளவேண்டுவதில்லை. சிலரேனும் போதும் என்பதே நாம் கொள்ளத்தக்க பொருள்.

இரண்டாவது, வினாவை அறிந்து வினவ வேண்டும். "நன்றாயிருக்கின்றதா?" என்று கேட்பவன் புகழை இரக்கின்றான், இரப்பவனுக்கு ஈகின்றவர் பலர். பக்கத்தைச் சில வினாடி காட்டி மறைத்துவிட்டு, "இவர் விற்பது யாது? இது யாருக்குப் பயன்படும்? அடுத்து நீர் என்ன செய்வீர்? எவ்விடத்தில் ஐயமுற்றீர்?" என்று கேட்கவேண்டும். மூன்றாவது, கேட்டபின் வாய் மூடியிருத்தல் வேண்டும். இதுவே அனைத்தினும் அரிது. அவர் தடுமாறுங்கால், "அதன் கருத்து இது" என்று விளக்கத் தொடங்குவோமாயின், அவரும் அகத்தாராகிவிடுவர். அரங்கேற்றம் அத்துடன் முடிந்தது. நாளை வரும் அயலான் அருகே நின்று விளக்க நாம் இருக்கமாட்டோம்.

இதற்கு இரு தடைகள் கூறப்படலாம். வருவோர் எத்தனை பேர், பொத்தானை அழுத்துவோர் எத்தனை பேர் என்று கணினியே எண்ணித் தருகின்றதே. மனிதரைக் கேட்பது எற்றுக்கு என்பது ஒன்று. கணக்கு நன்றே. ஆயினும், நூற்றுவர் வந்து தொண்ணூற்றெண்மர் மீண்டனர் என்று கணக்குக் கூறும். ஏன் மீண்டனர் என்று கூறாது. அன்றியும், இருவகை முகப்புகளை ஒப்புநோக்கி எது மேல் என்று எண்ணால் துணிதற்கு வருவோர் மிகப் பலராதல் வேண்டும். நாளொன்றுக்குப் பதின்மர் வரும் சிறு கம்பெனிக்கு அவ்வழி பயன்படாது.

மற்றொன்று, பலர் பலவாறு கூறின் எதனைக் கொள்வது என்பது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 2007-ஆம் ஆண்டு ஏப்ரலில் ட்ரூ ஹூஸ்டன் என்னும் இளைஞர், ஒருவர்தம் கோப்புகளை அவருடைய கணினிகள் அனைத்திலும் ஒருபடித்தாய் வைத்திருக்கும் டிராப்பாக்ஸ் என்னும் மென்பொருளைப் பிற நிரலாளர்முன் வைத்தார். யூஎஸ்பி டிரைவை எறிந்துவிடுக என்பதாக அவர் அதற்கு இட்ட தலைப்பு, பயனை ஒரே தொடரிற் புலப்படுத்தியது. ஆயினும் கேட்டாருள் ஒருவர், லினக்ஸ் பயின்றோர் இத்தகையதனைத் தாமே எளிதிற் செய்துகொள்ளலாமே என்றார். அவரளவில் அது மெய்யே. ஆனால் அப்பொருள் எவருக்கென்று செய்யப்பட்டதோ அவர் லினக்ஸ் பயின்றோர் அல்லர். அக்கம்பெனி வளர்ந்து 2018-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. ஆதலின் சொல்லை ஆராயுமுன் சொல்பவர் அப்பொருளின் கேட்போர்தாமா என்று ஆராய்தல் வேண்டும். அவர் கேட்போராயின், "இங்கே எனக்கு விளங்கவில்லை" என்னும் மொழியை மறுப்பின்றி ஏற்கவேண்டும். அவர் அறியாததை அவரைக் காட்டிலும் அறிந்தவர் எவரும் இலர். "ஆகவே இதனை இவ்வாறு மாற்றுக" என்னும் மொழியை மட்டும் எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம். நோயின் இடம் காட்டுவோன் நோயாளி. மருந்து தேர்வது மருத்துவன் கடன்.

மொழி கூறுவோர்க்கும் கடமை உண்டு. "பயனற்றது" என்று இகழ்ந்து போவதும், "அருமை" என்று புகழ்ந்து போவதும் எளிய செயல்கள்; இரண்டாலும் பிறர்க்கு ஆவது ஒன்றுமில்லை. தாம் கண்டதைக் கண்ட வரிசையில், இன்ன வரியில் நின்றேம், இன்ன சொல்லை இவ்வாறு பொருள் கொண்டேம் என்று கூறுதலே உதவி. அது சுடுமொழியாதல் வேண்டா, மெய்ம்மொழியாதல் போதும்.

இவ்வழக்கத்தால் வேறொரு நன்மையும் விளையும். விலையை மறைத்தல், சேர்வதற்கு வாயிலைப் பெரிதாகவும் விலகுவதற்குச் சந்து போலவும் அமைத்தல் முதலிய வஞ்சகங்கள் சில முகப்புகளிற் புகுந்துள்ளன. ஹாரி பிரிக்னல் என்பார் 2010-இல் இவற்றிற்கு "இருண்ட வடிவங்கள்" எனப் பொருள்படும் பெயரிட்டார். இந்திய அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இத்தகைய 13 வகைகளை எடுத்தோதி நெறிமுறை வெளியிட்டது. அகத்தார் நாளும் கண்டு பழகியமையால் இவை அவருக்கு வஞ்சமாகவே தோன்றுவதில்லை, புறத்தார் ஒருவரே, "விலை எங்கே ஐயா?" என்று வெளிப்படக் கேட்பர். எனவே அவர் மொழி விற்பனையை மட்டுமன்று, நேர்மையையும் காக்கின்றது.

மென்பொருள் தொழிலை நாடிச் செல்லும் மாணவ நண்பர்காள்! நுங்கள் உழைப்பின் முகத்தை நுங்கள் கண்ணாற் காண்டல் அரிது. ஆகவே பக்கத்தை உலகிற்கு விடுமுன் அயலார் ஐவரை அழைமின். வினாவைச் சுருக்கமாகக் கேண்மின். விடையை மறுக்காது எழுதிக்கொண்மின். திருத்தி, மீண்டும் ஐவரை அழைமின். பிறர் நும்மை அழைக்குங்காலும் தாட்சண்யம் பாராது கண்டதைக் கூறுமின். ஒரு மணி நேரச் செலவில் ஓராண்டு உழைப்பைக் காக்கும் வழி இதனினும் எளியது வேறு இல்லை.