காசு கட்டாத பிள்ளைக்கு டூர் கிடையாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட வேண்டுமென்றால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மதுரையில் எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளி நாளில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "என்ன பாப்பா, பள்ளிக்கூடம் போகலையா?" என்றேன். "எல்லாரும் டூர் போயிருக்காங்க தாத்தா. காசு கட்டாதவங்க இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். டூர் எங்கே? வெளியூரில் ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. தலைக்கு 1,800 ரூபாய்.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. ஏனென்றால் நானும் இதைச் செய்திருக்கிறேன். சமூக அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில் வருடா வருடம் டூர் பணம் வசூலித்த கை இது. ஒரு வருடம் டூர் கிளம்பும் நாளில் ஒரு பையன் வரவில்லை. மறுநாள் கேட்டதற்கு வயிற்றுவலி என்றான். நம்பிவிட்டேன். அவன் அப்பா ரிக்‌ஷா ஓட்டுகிறவர், வீட்டில் பணம் இல்லை என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பொய் சொல்ல வைத்தது நான். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

இதைப் பற்றி இப்போது வேலையில் இருக்கும் ஓர் ஆசிரியரிடம் பேசினேன். "மதுரையில கோயிலைத் தவிர என்ன சார் இருக்கு?" என்றார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்! சொல்கிறேன், கேளுங்கள்.

தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் அரண்மனைக் கட்டடத்தில் 1959இல் தொடங்கியது. காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. நுழைவு இலவசம். அங்கிருந்து மேலமாசி வீதிக்கு வாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு அங்கேதான். ஏழை விவசாயிக்கு இல்லாத உடை தனக்கு வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்த ஊரில், ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டு நாம் டூர் போகிறோம்.

நாகமலைப் புதுக்கோட்டை அருகே கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றைச் செய்வித்தவர்கள் யார் என்று வட்டெழுத்தில் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கட்டணம் இல்லை.

திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் தெப்பக்குளம், 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம், அதே ஆண்டு நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மகாலுக்கும் கீழடிக்கும் சிறிய கட்டணம். தெப்பக்குளத்துக்கும் நூலகத்துக்கும் அதுவும் இல்லை. நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்தப் பூக்கட்டும் அம்மாவும் மகளும் கையில் தண்ணீர் பாட்டிலும் புளியோதரைப் பொட்டலமும் இருந்தால் இதில் பாதியைப் பார்த்துவிட்டு வரலாம்.

"அங்கெல்லாம் கூட்டிப் போனா பிள்ளைகளுக்குப் போரடிக்கும்" என்பார்கள். போரடிக்கத்தான் செய்யும், நாம் கூட்டிப் போகிற லட்சணத்தில். வாயில் விரலை வைத்து வரிசையாக நடத்தி, கால் மணி நேரத்தில் வெளியே தள்ளி, ஒரு குரூப் போட்டோ எடுத்தால் யாருக்குத்தான் போரடிக்காது? கீழடியில் சுடுமண் வட்டச்சில்லுகளைக் காட்டி, "இது என்ன சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். பாண்டி ஆடத் தெரிந்த பிள்ளை உடனே சொல்லும். பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை கொட்டாவி விடாது.

தண்ணீரில் ஆடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. வசதி உள்ள பெற்றோர் தாராளமாகக் கூட்டிப் போகட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தின் பெயரில் போனால் வகுப்பில் உள்ள கடைசிப் பிள்ளையும் வர வேண்டும். சீருடை போட்டது எதற்கு? பணக்காரன் ஏழை தெரியக்கூடாது என்றுதானே? அதை டூர் நாளில் நாமே கழற்றிக் காட்டுகிறோம்.

இன்னொன்று. அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் 2024இல் ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மக்களுக்கு அந்த மலையைத் தெரியும், அதனால் நின்றார்கள். நம் பிள்ளைகள் ஒரு தடவைகூடக் கால் வைக்காத மலைக்கு ஆபத்து வந்தால் அவர்கள் எதற்காக நிற்பார்கள்?

அரசுக்கும் ஒரு வார்த்தை. மலையடிவாரங்களுக்கு நேரத்துக்குப் பேருந்து, குடிதண்ணீர், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை, விளக்கிச் சொல்ல ஓர் ஆள். இவ்வளவு செய்தால் ஆசிரியர்கள் தயங்க மாட்டார்கள்.

தலைமை ஆசிரியர்களே, தாளாளர்களே! அடுத்த டூர் சுற்றறிக்கையில் தொகையை எழுதும் முன், உங்கள் பள்ளியில் மிக ஏழைப் பிள்ளையின் முகத்தை ஒரு நிமிடம் நினையுங்கள். அந்த வீட்டால் கொடுக்க முடிந்த தொகையை மட்டும் எழுதுங்கள். அந்தத் தொகைக்குள் மதுரையில் எங்கே போகலாம் என்று தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள். கூடவே வந்து சொல்லித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை அந்தப் பாப்பாவையும் அவள் அம்மாவையும் தெருப் பிள்ளைகளையும் சமணர் மலைக்குக் கூட்டிப் போகிறேன். வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.

என்னிடம் படித்த, வயிற்றுவலி என்று சொன்ன அந்தப் பையன் இதைப் படிக்க நேர்ந்தால், நீயும் வாடா. உன் பிள்ளைகளையும் கூட்டி வா.