தொட்டிக்கு எந்த மீன்?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு ஓர் ஆசை உண்டு: வேறெவரிடமும் இல்லாத மீன் வேண்டும்! ஆசையை நான் குறை கூறவில்லை, மாணவ நண்பர்களே. ஆனால் பங்காய் கார்டினல் மீனின் கதையைக் கேளுங்கள்.

இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகள் இதன் தாயகம். வெள்ளி உடல், கறுப்புப் பட்டைகள், வெண்புள்ளிகள். 1933-இல் விவரிக்கப்பட்டு மறக்கப்பட்ட இம்மீன், 1990-களில் மீண்டும் கவனத்துக்கு வந்தது, விற்பனைக்கும் வந்துவிட்டது.

பெண் இடும் முட்டைகளை ஆண்மீன் வாயில் வைத்துக் காக்கிறது. அதுவரை அதற்குப் பட்டினிதான்! பெரும்பாலான பவளப்பாறை மீன்களின் இளம் உயிரிகள் நீரோட்டத்தில் வெகுதூரம் மிதந்து செல்லும். இதன் குஞ்சுகளோ, தந்தையின் வாயிலிருந்து வெளிவந்ததும் அருகிலுள்ள கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கிடையே ஒதுங்கிவிடும். ஆகவே ஓரிடத்து மீன்களை வாரிவிட்டால், அந்த இடத்தை நிரப்ப வேறிடத்திலிருந்து மீன்கள் எளிதில் வந்து சேர்வதில்லை. 2007-இல் இது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இடம் பெற்றது.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம் என்பேன். பெரும்பாலான கடல் மீன்களைப் போலன்றி, இதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விப்பது எளிது. கடைக்காரரிடம் கேளுங்கள்: "இது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா?" அவர் மழுப்பினால், வெறுங்கையோடு திரும்பிவிடுங்கள்.