பத்து கிலோமீட்டர் வட்டமும் 275 மீட்டர் சிம்னியும்



கரண்ட் இல்லாமல் நமக்கு ஒரு நாள் ஓடாது. இந்த மலரை அச்சடித்த மெஷின்கூட கரண்டில்தான் ஓடியது. ஆகவே அனல்மின் நிலையங்களை இழுத்து மூடு என்று கோஷம் போட நான் வரவில்லை. சிம்னி வழியாக வெளியே போவதை யார் பிடிப்பது என்பதுதான் என் கேள்வி.

நாமெல்லாம் டெக்னிகல் ஸ்டூடண்ட்ஸ், கணக்கிலேயே பேசுவோம். 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழு லோடில் மணிக்கு 300 டன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். 320 என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதம். 40 என்றால் மணிக்கு 128 டன். அதில் ஏறக்குறைய 100 டன் ஃபிளை ஆஷாகப் புகையோடு கிளம்பும். அதைப் பிடிப்பது இ.எஸ்.பி. பல்லாயிரம் வோல்ட் டி.சி. கொடுத்துத் தூசுக்கு மின்னூட்டம் ஏற்றி, தட்டில் ஒட்டவைத்து, சுத்தியலால் தட்டி ஹாப்பரில் விழவைக்கிறார்கள். 99.9 சதம் பிடித்தால் வெளியே போவது மணிக்கு 100 கிலோ. 99 சதம் பிடித்தால்? ஒரு டன்! மார்க் ஷீட்டில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சிம்னியில் பத்து மடங்கு. ஒரு ஃபீல்டு பழுதாகிக் கிடக்க, யூனிட்டை முழு லோடில் ஓட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பலையாவது இ.எஸ்.பி. பிடிக்கிறது. கந்தக டை ஆக்சைடை அது பிடிக்காது. "நம்ம நிலக்கரியில் கந்தகம் கம்மிங்க, அரை சதம்தான்" என்பார்கள். வாஸ்தவம். 320 டன்னில் அரை சதம் 1.6 டன். எரிந்தால் எடை இரட்டிப்பு, மணிக்கு 3.2 டன் வாயு. ஒரே யூனிட்டிலிருந்து நாளைக்கு 75 டன்னுக்கு மேல். இது கம்மியா?

இதைப் பிடிக்க எஃப்.ஜி.டி. உண்டு. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்தால் வாயு அதில் சேர்ந்து கடைசியில் ஜிப்சமாகிவிடும். சிமெண்ட் ஆலைக்கு விற்கலாம். புதுசும் இல்லை. லண்டன் பேட்டர்ஸீ மின் நிலையத்தில் 1930களிலேயே புகையைக் கழுவினார்கள். மும்பை டிராம்பேயில் 1980களில் கடல்நீரை வைத்தே செய்தார்கள்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பர் 7 அன்று விதி போட்டது. 2016 வரை நிறுவிய, 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள யூனிட்டுகளுக்கு இந்த வாயு கன மீட்டருக்கு 200 மில்லிகிராம்தான். தவணை இரண்டு வருடம். 2017 வந்ததும் 2022 என்றார்கள். பிறகு 2021, 2022, 2024 என்று மேலும் மூன்று முறை தேதி மாறியது. (நாம் அசைன்மெண்ட்டை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தால் என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்லவேண்டாம்!)

கடைசியில் 2025 ஜூலையில் வந்தது புது உத்தரவு. டெல்லி வட்டாரம், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்கள் இவற்றிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் 2027 முடிவுக்குள் கட்டாயம். கடும் மாசுப் பகுதிகளுக்கும் காற்றுத் தரம் குறைந்த நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் தனித்தனியாகப் பார்த்து முடிவு. மற்றவை சிம்னி உயர விதியை நிறைவேற்றினால் போதும், விலக்கு. முக்கால் பங்குக்கு மேற்பட்ட நிலையங்கள் இப்படித் தப்பின.

அவர்கள் சொல்லும் காரணத்தையும் கேட்போம். கரண்ட் விலை ஏறும், எஃப்.ஜி.டி.யே கொஞ்சம் கரண்டைத் தின்னும், சுண்ணாம்புக்கல்லை வெட்டணும். இதெல்லாம் பொய்யில்லை. ஆனால் "ஊர்க்காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கு" என்கிறார்களே, அதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. அந்த வாயு வாயுவாகவே இருப்பதில்லை. காற்றில் போகப் போக சல்பேட் துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி பி.எம். 2.5 கணக்கில் சேர்ந்து யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போகிறது. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடினால் கிடைக்குமா?

500 மெகாவாட் யூனிட்டுக்கு 275 மீட்டர் சிம்னி கட்டச் சொன்னதே புகை தூரமாகப் போய்ப் பரவட்டும் என்றுதான். அப்புறம் காம்பஸை எடுத்து 10 கிலோமீட்டருக்கு வட்டம் போடுவது என்ன இன்ஜினியரிங்? உயரமான சிம்னி எதையும் பிடிப்பதில்லை, தள்ளித்தான் விடுகிறது. பிரிட்டன் இப்படித் தள்ளிவிட்டதில்தான் நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் அமில மழை பெய்து மீன்கள் செத்தன.

வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி என்று நம்மில் பலர் நாளைக்கு அப்ரண்டிஸாகப் போய் நிற்கப்போகும் இடங்களும் அனல்மின் நிலையங்கள்தான். வட்டத்தை அழித்துவிட்டு 2015 விதியை எல்லோருக்கும் பழையபடி போடவேண்டும் என்பது என் கட்சி. அதுவரைக்கும் ஒன்று கேட்கலாம். சிம்னியில் பொருத்திய ஆன்லைன் மீட்டரின் ரீடிங்கை, எத்தனை ஃபீல்டு ஓடுகிறது என்பதையும் சேர்த்து, டீக்கடையில் நிற்கிறவருக்கும் தெரிகிற மாதிரி கேட்டுக்கு வெளியே தமிழில் போர்டு வைத்துக் காட்டட்டும். அந்த மீட்டரைக் காலிபரேட் பண்ணப் போவது நம்ம இன்ஸ்ட்ருமெண்டேஷன் பசங்கதான்.